ஓடுபாதையில் வந்து நின்ற டாக்டர்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலையில், விழுப்புரத்தில் ஒரு விளையாட்டு மைதானத்தில் நடந்த விஷயம் இது.

எனக்குக் கிளியனூர் பக்கம் ஒரு கிராமம். கொஞ்சம் நிலம் இருக்கிறது, மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை போடுவோம். அதோடு சொந்தமாக ஒரு குட்டியானை சரக்கு வண்டி வைத்திருக்கிறேன். அறுவடைக் காலத்தில் ஊர் மூட்டைகளைத் திண்டிவனம் மார்க்கெட்டுக்கு ஏற்றிப் போவேன். மற்ற நாளில் சிமெண்ட், கட்டில், பீரோ, கல்யாண வீட்டுப் பாத்திரம் என்று எது கிடைத்தாலும் சரி. எங்களுக்கு ஒரே மகள். அப்போது திண்டிவனத்தில் கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓட்டக்காரி.

எங்கள் குடும்பத்தில் அதற்கு முன்னால் ஓடியவர்கள் யாரும் கிடையாது. பஸ்ஸைப் பிடிக்க ஓடியதோடு சரி. இவள் எங்கிருந்து இப்படி வந்தாள் என்று எனக்கே ஆச்சரியமாக இருக்கும். பள்ளிக்கூடத்திலேயே எல்லாப் பரிசையும் வாங்கிவிட்டாள். கல்லூரிக்கு வந்ததும் ஒரு பயிற்சியாளர் கிடைத்தார். மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். நல்ல மனிதர். விடியற்காலையில் எங்களுக்கு முன்னால் மைதானத்துக்கு வந்து நிற்பார். இவள் மாநில அளவில் ஜெயித்தால் விளையாட்டு விடுதியில் இடம் கிடைக்கும், நல்ல பயிற்சி கிடைக்கும், பின்னால் ரயில்வேயிலேயே வேலைகூடக் கிடைக்கலாம் என்று சொல்லுவார். அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு வண்டி ஓட்டிக்கொண்டு போனால், எனக்குப் பாரமே தெரியாது.

உடம்பு லேசாக இருந்தால் வேகம் கூடும் என்று அவர் ஒருமுறை சொன்னார். மகள் அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். ராத்திரிச் சோறு நின்றது. அப்புறம் காலை இட்லி இரண்டானது. என் மனைவி தினமும் தட்டோடு அவள் பின்னால் போய் சண்டை போடுவாள். "ஓட்றவ துன்னாம எப்டிடீ ஓடுவ?" என்று கத்துவாள். மகள் காதில் வாங்கவே மாட்டாள். ஆனால் அவள் ஓடி முடிக்கும் நேரம் குறைந்துகொண்டே வந்தது என்பதும் உண்மை. அதனால் எங்களால் அழுத்திப் பேச முடியவில்லை.

பொங்கல் முடிந்த கையோடு வலது தொடை இடுக்கில் வலி என்றாள். திண்டிவனத்தில் எக்ஸ்ரே எடுத்தோம். எலும்பில் ஒன்றுமில்லை, தசைப்பிடிப்பாக இருக்கும் என்று மாத்திரையும் தைலமும் கொடுத்தார்கள். என் மனைவி அமாவாசைக்கு மேல்மலையனூர் கோயிலுக்குப் போய், கூட்டத்தில் நசுங்கி, ஒரு எலுமிச்சம்பழம் வாங்கி வந்து தலையணைக்கு அடியில் வைத்தாள். வலி கொஞ்சம் குறைவதும் மறுபடி வருவதுமாக இருந்தது. மாநிலப் போட்டிக்கு எங்கள் மாவட்டத்திலிருந்து யார் போவது என்று தேர்வு செய்யும் நாள் நெருங்கியதும், வலியைப் பற்றிப் பேசுவதையே அவள் விட்டுவிட்டாள்.

அந்தத் தேர்வுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை. வண்டியைக் கேட்டுக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு, வேலியோரம் போய் நின்றேன். கேலரி நிழலில் ஒரு மேஜை போட்டு, ஒரு டாக்டர் அம்மாவும் இரண்டு மாணவிகளும் ஓட வந்த பெண்பிள்ளைகளுக்கு எடை, உயரம் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏதோ ஆராய்ச்சி என்று சொன்னார்கள். டாக்டருக்கு நாற்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். கறுத்து உயரமாக, தலையில் ஒரு தொப்பி வைத்திருந்தார். நடக்கும்போது ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்தார். என் மகளும் அந்த வரிசையில் நிற்கவேண்டியது. "அப்புறம் வரேன்" என்று சொல்லிவிட்டு உடம்பைச் சூடாக்க ஓடிப்போய்விட்டாள்.

ஆயிரத்து ஐந்நூறுக்குக் கூப்பிட்டார்கள். பிள்ளைகள் கோட்டில் வந்து நின்றார்கள். விசில் வாயில் வைத்தவர் கையைத் தூக்கிவிட்டார். அந்த நேரத்தில் அந்த டாக்டர் கேலரியிலிருந்து வேகமாக இறங்கி வந்து, ஓடுபாதைக்குள் நுழைந்து, நேராக என் மகளுக்கு முன்னால் நின்றார்.

"தங்கச்சி, ஓடாத. நீ வெளிய வா."

மைதானமே திகைத்துப் போனது. விசில்காரர், "மேடம், இன்னா இது? ட்ராக்க விட்டுப் போங்க" என்று சத்தம் போட்டார். மாஸ்டர் ஓடி வந்தார். நானும் வேலியைத் தாண்டி உள்ளே போனேன்.

"இந்தப் பொண்ணு கேலரிப் படியில எறங்குனத நான் பாத்தேன். வலது கால ஊனும்போது கம்பியப் புடிச்சிக்கினு எறங்குது. ஒவ்வொரு ரவுண்டு முடிஞ்சதும் இடுப்புக்குக் கீழ கைய வெச்சு அழுத்திக்குது. இது தசையில்ல சார், எலும்பு. ஸ்கேன் எடுக்காம ஓடக் கூடாது" என்றார் டாக்டர்.

"எக்ஸ்ரே எடுத்தாச்சு மேடம். ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்க. இன்னைக்கி வுட்டா அடுத்த வருசம்தான். அந்தப் பொண்ணு பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்" என்றார் மாஸ்டர்.

"எக்ஸ்ரேல இது ஆரம்பத்துல தெரியாது சார்."

என் மகளுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. எல்லோரும் பார்க்கிறார்கள் என்ற அவமானம் வேறு. யாரையும் எடுத்தெறிந்து பேசாத பெண், அன்றைக்கு அந்த டாக்டரைப் பார்த்துக் கத்தினாள். "உங்களுக்கு இன்னா தெரியும்? நீங்க என்னைக்காவது ஓடிப் பாத்திருக்கீங்களா?"

டாக்டர் அதற்குப் பதில் சொல்லவில்லை. கோபப்படவும் இல்லை. என் பக்கம் திரும்பினார். "நீங்கதான் அப்பாவாங்க? சும்மா படுத்துக்கினு இருக்கும்போதுகூட இந்தப் பொண்ணுக்கு வலிக்குதா?"

மகளை நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. புரண்டு படுக்கும்போது அவள் பல்லைக் கடித்துக்கொண்டு முனகுவதைச் சில நாட்களாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஆமாம் என்று தலையாட்டினேன். மகள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

"என்னத் திட்டணும்னா நாள் பூரா திட்டுங்க, கேட்டுக்கறேன். ஆனா அந்தக் கால இன்னொரு தடவ தரையில வெக்கவிடாதீங்க. நடக்கக்கூட வேணாம். தூக்கிக்கினு வாங்க" என்றார். சொல்லும்போது அவர் கை நடுங்கியது. இத்தனை பெரிய டாக்டருக்கு ஏன் கை நடுங்குகிறது என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் அந்த நடுக்கத்தைப் பார்த்துத்தான் நான் முடிவு செய்தேன்.

குனிந்து மகளைத் தூக்கினேன். அவள் அழுதுகொண்டே என் தோளில் குத்தினாள். வாழ்க்கை பூராவும் மூட்டை தூக்குகிற ஆள் நான். எது எவ்வளவு கனம் என்று கையில் எடுத்ததுமே சொல்லிவிடுவேன். கல்லூரியில் படிக்கிற, வளர்ந்த என் மகள், ஒரு மல்லாட்டை மூட்டையைவிட லேசாக இருந்தாள். மைதானத்தைத் தாண்டி வண்டிக்கு வருவதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆம்புலன்ஸ் வருமட்டும் காத்திருக்க வேண்டாம், பின்னால் படுக்க இடம் இருக்கிறதே, உங்கள் வண்டியே போதும் என்றார் டாக்டர். காலிச் சாக்குகளை விரித்து மகளைப் படுக்க வைத்தோம். அவரும் பக்கவாட்டுப் பலகையைப் பிடித்து ஏறி, ஒரு காலை நீட்டி ஸ்டெப்னி டயர் மேல் உட்கார்ந்து, மகளின் கால் அசையாமல் ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். "மெதுவா ஓட்டுங்கண்ணே. பள்ளம் பாத்து" என்றார். ஸ்கேன் எடுக்கும் இடத்துக்குப் போகிறவரை கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். மகள் முகத்தில் வெயில் விழாமல், தன் தொப்பியைக் கழற்றி மறு கையால் அவளுக்கு மறைவாகப் பிடித்திருந்தார். அவள் கண்ணை இறுக்கி மூடியிருந்தாள்.

மாஸ்டரும் பின்னாலேயே பைக்கில் வந்துவிட்டார். கோபம் தணியாமல்தான் உள்ளே வந்தார். தொப்பி இல்லாமல் டாக்டரை அருகில் பார்த்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

"மேடம்... நீங்க... அந்த நானூறு மீட்டர்..."

"அது எதுக்கு சார் இப்போ? ஸ்கேன் முடியட்டும்" என்று அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

மாஸ்டர் என்னை வெளியே கூட்டிவந்து சொன்னார். "இவங்க இந்தியாவுக்காக ஓடுனவங்கண்ணே. மரக்காணம் பக்கம் மீன்புடிக்கிற குடும்பம். மணல்ல ஓடிப் பழகி, அங்கேர்ந்து வெளிநாடு வரைக்கும் போனவங்க. நான் படிக்கும்போது சென்னையில இவங்க ஓட்டத்த நேர்ல பாத்தேன். கேலரியே எழுந்து நின்னுச்சி. அப்புறம் திடீர்னு ஆளே காணோம். கல்யாணம் கட்டிக்கினு போயிட்டாங்கன்னு நெனச்சிக்கினோம்."

அவ்வளவு பேர் முன்னால் 'ஓடிப் பார்த்திருக்கிறீர்களா' என்று ஒரு சின்னப் பெண் கேட்டபோது, அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், எல்லோர் வாயும் மூடியிருக்கும். அவர் சொல்லவில்லை. அப்போதே அவர் மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்துவிட்டது.

ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் வைத்து எங்களுக்குக் காட்டினார். தொடை எலும்பின் மேல் முனையில், இடுப்போடு சேருகிற பந்துக்குக் கீழே கழுத்து மாதிரி ஒல்லியான இடம். அதில் மெல்லிசாக ஒரு கீறல், பாதி தூரம் வரைக்கும் ஓடியிருந்தது. இன்னும் கொஞ்சம் ஓடினால் கழுத்து முழுதாக முறிந்து விலகிவிடும், அந்தப் பந்துக்கு ரத்தம் போவது நின்றுவிடும் என்றார். இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், ஆனால் அந்தக் கால் தரையில் படாமல் சில வாரம் ஊன்றுகோல், அப்புறம் சில மாதம் ஓட்டமே கிடையாது என்றார். மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்குப் பெரிய பாடம். டாக்டர் மகளிடம் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டுவிட்டு, மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்று கேட்டார். நான் சட்டென்று எழுந்து கதவுப் பக்கம் போனேன்.

"நீங்க எங்க போறீங்க? உட்காருங்கண்ணே. இதுவும் எலும்புக் கதைதான்" என்றார்.

மகள் தலையைக் குனிந்துகொண்டு, பல மாதமாக வரவில்லை என்றாள். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லையாம். ஓட்டத்துக்குத் தொல்லை இல்லையே என்று சந்தோஷப்பட்டாளாம்.

"ஓடறதுக்கு வேண்டிய அளவு தின்னலன்னா, ஒடம்பு இருக்கிறத வெச்சு சமாளிக்கும். எதெத நிறுத்தலாமோ அத நிறுத்தும். மொதல்ல இது நிக்கும். அப்புறம் எலும்பு வலுவு கொறையும். வெளிய பாத்தா நல்லா ஓடிக்கினுதான் இருக்கும்" என்று பொறுமையாக விளக்கினார்.

எனக்கு மல்லாட்டைச் செடி ஞாபகம் வந்தது. மேலே பச்சைப் பசேலென்று இருக்கும். சத்துப் போதாத மண்ணென்றால், பிடுங்கிப் பார்க்கும்போது காயெல்லாம் உள்ளே பருப்பில்லாமல் பொக்காக இருக்கும். வாயைத் திறந்து சொல்லியும்விட்டேன். "அதேதாண்ணே, அதேதான்" என்று சிரித்தார். மாஸ்டரையும் அவர் குற்றம் சொல்லவில்லை. "எனக்குச் சொல்லிக் குடுத்தவங்களும் இதத்தான் சொன்னாங்க சார். யாருக்கும் தெரியல, அவ்ளோதான்" என்றார். பிறகு மகளைப் பார்த்து, "ஓட்ற பொண்ணுங்க எலும்பப் பத்திதான் என் ஆராய்ச்சி. உன் விவரத்த அதுல சேத்துக்கலாமா? பேரு வராது. வேணாம்னாலும் வைத்தியம் இதேதான்" என்று கேட்டார். நான் 'தாராளமாக' என்று சொல்ல வாயெடுத்தேன். "அவதான் சொல்லணும்" என்று என்னை நிறுத்தினார். "வேணாம்" என்றாள் மகள், முகத்தைக் கூடப் பார்க்காமல். "சரி" என்றார் அவர். அவ்வளவுதான்.

அதன்பிறகு வீட்டில் பெரிய பேஜாரு. மகள் யாரோடும் பேசவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தாள். தட்டு வைத்தது வைத்தபடி இருக்கும். மாநிலப் போட்டி நடந்த அன்று அவள் அழுத அழுகை பக்கத்து வீட்டுக்குக் கேட்டது. உறவுக்காரர்கள் வந்து, பெண்பிள்ளையை ஓடவிட்டதால்தான் இந்த வினை, கால் சரியானதும் ஒரு மாப்பிள்ளையைப் பார் என்றார்கள். எனக்கே மனசு ஆடிப்போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வாசலில் கார் வந்து நின்றது. அந்த டாக்டர். பாண்டிச்சேரி போகிற வழியாம். நான் போனில் மகள் சாப்பிட மறுக்கிறாள் என்று சொல்லியிருந்தேன், அதற்காகத்தான் வந்தார் என்று எனக்குத் தெரியும். வந்தவர் மகளிடம் ஒன்றும் பேசவில்லை. என் மனைவியைப் பார்த்து, "இன்னாக்கா சமையல்? பசிக்குது" என்றார்.

அன்றைக்குக் கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும். என் மனைவி வெட்கப்பட்டுக்கொண்டே, மகளின் கட்டிலுக்குப் பக்கத்தில் பாயை விரித்தாள்.

"எனக்குக் கீழ உட்கார முடியாதுக்கா. ஒரு சேர் குடுங்க" என்றார் டாக்டர்.

சுவரைப் பார்த்துப் படுத்திருந்த மகள் திரும்பினாள். "ஏன்?" என்றாள். பல நாளுக்குப் பிறகு அவள் வாயிலிருந்து தானாக வந்த முதல் வார்த்தை அது.

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டார். "என் இடுப்புல இருக்கிறது என் எலும்பு இல்ல. உள்ள செயற்கை மூட்டு வெச்சிருக்காங்க. உனக்கு வந்த அதே எடம். ஓடுனதாலதான் எனக்கு மெடிக்கல் சீட்டே கெடச்சுது. எலும்பப் பத்திப் படிச்சிக்கினே என் எலும்ப ஒடச்சிக்கினேன். நானும் உன்ன மாதிரிதான், சோத்த வுட்டேன், வலிய மறச்சேன். பெரிய போட்டிக்குத் தேர்வு அன்னிக்கு, கடைசி வளைவுல வுழுந்தேன். அந்தச் சத்தம் எனக்கே கேட்டுது."

மகள் மெல்ல எழுந்து உட்கார்ந்தாள்.

"நீ என்னக் கேட்ட இல்ல, ஓடிப் பாத்திருக்கீங்களான்னு. ஓடியிருக்கேன். உனக்கும் எனக்கும் ஒரே ஒரு வித்தியாசம். என்னை யாரும் ட்ராக்குல வந்து நிறுத்தல."

டாக்டர் களியைப் பிட்டுக் குழம்பில் தொட்டுச் சாப்பிட ஆரம்பித்துவிட்டார். ஏதோ ஊர்க்கதை பேசுகிற மாதிரிதான் தொடர்ந்தார். விழுந்தபோது எல்லோரும் கெட்ட நேரம் என்றார்களாம். விடுதியில் தன்னோடு ஓடிய பெண்களுக்கும் இப்படியே எலும்பில் விரிசல் விட்டதைப் பார்த்து அவருக்குச் சந்தேகம் வந்ததாம். தேடினால், இருந்த புத்தகங்களில் எல்லாம் வெளிநாட்டுப் பெண்கள். களி தின்று, கஞ்சி குடித்து, மணலிலும் வயல்வரப்பிலும் ஓடுகிற பெண்களைப் பற்றி ஒன்றுமில்லை. "அப்ப நானே பாத்துக்கறேன்னு எலும்பு டாக்டரானேன். இன்னும் பாத்துக்கினுதான் இருக்கேன்" என்றார்.

என் மனைவி இன்னொரு உருண்டை எடுத்து வந்தாள். டாக்டருக்கு வைப்பதற்கு முன்னால், மகள் தன் தட்டை நீட்டினாள். என் மனைவி கேட்காமலேயே இரண்டு கரண்டி குழம்பு ஊற்றினாள். நான் வண்டியைத் துடைக்கப் போகிறேன் என்று சொல்லி வெளியே வந்துவிட்டேன்.

டாக்டர் புறப்படும்போது மகள் ஊன்றுகோலை வைத்துக்கொண்டு வாசல்வரை வந்தாள். "மேடம், அந்த ஆராய்ச்சியில என்னச் சேத்துக்கோங்க" என்றாள். அவர் அவள் தலையைத் தொட்டுவிட்டு, "அதுக்கு நீ ஒழுங்கா சாப்புடணும்" என்று சொல்லிக் காரில் ஏறினார்.

எல்லாம் சீக்கிரம் சரியாகிவிடவில்லை. கால் ஊன்றுவதற்குள் வெயில் காலமே முடிந்துவிட்டது. மாதவிலக்கு திரும்பி வந்த அன்று, என் மனைவி அதை என்னிடமே நேராகச் சொன்னாள். நானே டாக்டருக்குப் போன் செய்தேன். "இதுதாண்ணே மெடலு" என்றார். அடுத்த வருடம் மாநிலப் போட்டியில் மகள் ஓடினாள். நான்காவதாக வந்தாள். விடுதி இடம் கிடைக்கவில்லை. அவளும் அழவில்லை, அதற்கடுத்த போட்டிக்குத் தயாரானாள். இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறாள், வலியில்லாமல்.

போன வருடம் விழுப்புரத்தில் பயிற்சியாளர்களுக்கும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் டாக்டர் ஒரு கூட்டம் போட்டார். தன் ஆராய்ச்சியில் கண்டதைப் படம்போட்டு விளக்கினார். முடிவில், "இப்ப ஒரு அப்பா பேசுவாரு" என்று என்னைக் கூப்பிட்டுவிட்டார். மைக் முன்னால் எனக்கு வேட்டி நனையாத குறைதான். முன்வரிசையில் எங்கள் மாஸ்டர் தலையை ஆட்டி, பேசு என்று சைகை செய்தார். ஓடுகிற பெண்ணுக்கு மாதவிலக்கு நின்றால் அதை வலி மாதிரியே கவனியுங்கள், அப்பாவிடமும் சொல்லச் சொல்லுங்கள் என்று எப்படியோ சொல்லி முடித்தேன். அத்தனை ஆண்கள் முன்னால் அந்த வார்த்தையைச் சொல்வேன் என்று அதற்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால், சிரித்திருப்பேன். கூட்டம் முடிந்ததும் சிலர் என்னிடம் வந்து, தங்கள் மைதானத்துப் பிள்ளைகளைப் பற்றித் தணிந்த குரலில் கேட்டார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் டாக்டரைக் கைகாட்டிவிடுவதுதான்.

அத்தனை பெரிய இழப்பு வந்தால் என்னைப் போன்றவன் மைதானம் இருக்கிற தெருப்பக்கமே போகமாட்டான். அவரோ தான் விழுந்த இடத்துக்கே திரும்பத் திரும்ப வந்து, முன்பின் தெரியாத பெண்களின் காலடியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் அப்படி வந்து நின்ற ஒரு காலைப்பொழுதுக்குத்தான் என் மகளின் ஒவ்வொரு ஓட்டமும் கடமைப்பட்டிருக்கிறது என்று நான் இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.